ஒரு பூ குறைகிறது

கைடிஸ் மாமாவின் பெயர்நாளுக்கு நான் மூன்று டூலிப் பூக்கள் வாங்கினேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது கையில் இரண்டுதான் இருந்தன. அன்று நடந்த மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மாலை வகுப்பில் எங்கள் கணக்கு ஆசிரியர், விடை சரியாக இருந்தாலும் வந்த வழியைக் காட்டாவிட்டால் பாதி மதிப்பெண்தான் தருவார். அதனால் வழியைக் காட்டிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆற்றுக்கு இக்கரையில், ஆகென்ஸ்கல்ன்ஸ் என்ற பகுதியில், டிராம் சந்தையைத் தாண்டித் திரும்பும் இடத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. பழைய மரவீடு. தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். முற்றத்துப் பக்கம் இன்னும் உரிந்துபோன பச்சைதான். கீழ்த்தளத்தில் எதிரெதிராகத் தெக்லா அக்காவும் விஸ்மா டீச்சரும். மேல்தளத்தில் கைடிஸ் மாமாவும் அர்னோல்ட்ஸ் அண்ணனும். அதற்கும் மேலே, கூரை சாய்ந்து இறங்கும் சின்ன அறையில் நான். என் அறைக்குப் போக அத்தனை பேர் கதவையும் கடந்தாக வேண்டும். அதனால் யார் வீட்டில் என்ன வேகிறது, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் எனக்குக் கேட்காமலே தெரிந்துவிடும்.

ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து, கைடிஸ் மாமாவோடு யாருமே பேசவில்லை.

அவர்தான் எங்கள் வீட்டுப் பொறுப்பாளர். நாங்களே கையைத் தூக்கி அவரைத் தேர்ந்தெடுத்தோம், வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால். குளிர்காலத்தில் கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்களை நீளக் கழியால் தட்டிவிடுவது, நடைபாதையில் மணல் தூவுவது, மாடிப்படி விளக்கு மாற்றுவது எல்லாம் அவர். இந்த வசந்தத்தில் தெக்லா அக்காவின் குளியலறையில் சாக்கடைத் தண்ணீர் கீழிருந்து மேலே வர ஆரம்பித்தது. குழாய் வேலைக்காரர் வந்து கேமரா விட்டுப் பார்த்தார். முற்றத்தில் ஊதாப் பூ பூக்கும் லைலாக் செடியின் வேர் குழாய்க்குள் புகுந்து, உள்ளே தாடி மாதிரி வளர்ந்திருந்தது.

அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கைடிஸ் மாமா மோட்டார் ரம்பம் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து லைலாக்கை வெட்டிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது விஸ்மா டீச்சரின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அடிக்கட்டைதான் இருந்தது. கிளைகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் மொட்டு.

அந்த லைலாக், டீச்சர் முதன்முதலில் பொறுப்பேற்ற வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போகும்போது கன்றாக வாங்கிக் கொடுத்தது. டீச்சர் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் அவர்களில் நாலைந்து பேராவது வந்து, அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டாவது பாடிவிட்டுப் போவார்கள்.

"இன்னும் ஆறு வாரம் பொறுத்திருந்தா என்ன முழுகிப் போயிருக்கும்?" என்று முற்றத்தில் நின்று டீச்சர் கேட்டார். பாட்டு டீச்சர் குரல். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"தெக்லா வீடு முழுகியிருக்கும், டீச்சர்" என்றார் கைடிஸ் மாமா.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"அதுக்குத்தான்யா கேக்கறது!"

மாமா சட்டையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட்டார். ரம்பத்தைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். அர்னோல்ட்ஸ் அண்ணன் தன் டாக்ஸியைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்கதவில் கிளை விழுந்து கீறியிருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். கீறல் பழையதா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். தெக்லா அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு படிக்கட்டில் கைடிஸ் மாமாவின் காலடி கேட்டால், மற்ற கதவுகள் அவர் போகும்வரை திறக்காது. எனக்குத் தெரிந்து மூன்று வாரம் இப்படியே போயிற்று. போன இலையுதிர் காலத்தில்தான் அவர் மனைவி அவுஸ்த்ரா இறந்திருந்தார். மூடிய கதவுகள் போதாது என்று வீட்டுக்குள்ளும் அவருக்குப் பேச ஆள் இல்லை.

பெயர்நாளுக்கு முந்தின நாள் நான் மாடியேறும்போது அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். முழங்கை வரை மாவு, மறுநாளைக்கு ஒத்திகை.

"டார்தா, நீ பேக்கரில இருக்கியே. மாவு பொங்கிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"விரலால அழுத்துங்க மாமா. குழி மெதுவா மேல வந்தா சரி."

"சட்டுனு வந்துட்டா?"

"இன்னும் கொஞ்ச நேரம் விடணும்."

"வரவே இல்லன்னா?"

"ரொம்ப நேரம் விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

"அவுஸ்த்ரா இதையெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்ல. கிட்ட வந்தாலே கரண்டியால கையில போடுவா." கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, வானிலை பற்றிச் சொல்வதுபோல, "வியாழக்கிழமை வீடு பாக்க ஒருத்தர் வர்றார்" என்றார்.

"எந்த வீட்டை?"

"என் வீட்டைத்தான். மக சபீனே கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அயர்லாந்துல அவ வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்காம்."

"போறீங்களா மாமா?"

"நாளைக்கு கேக் எவ்வளவு மிஞ்சுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் பெயர்நாளுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் போட்டிருக்கும், அந்தத் தேதியில் உன் பெயர் இருக்கிறது. நினைவிருப்பவர்கள் வருவார்கள். நீ கிளிங்கேரிஸ் என்ற முடிச்சுப் போட்ட இனிப்பு ரொட்டி சுட்டு, காபி போட்டு, கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாருங்கள் என்று வாயால் சொன்னால் அது கையேந்துவது மாதிரி. இன்னொருவருக்காகப் போய் ஆள் சேர்ப்பது அதைவிடக் கேவலம். எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும், பரிதாபப்பட்டு வந்தார்கள் என்று. போன வருடம் இதே நாளில் எங்கள் படிக்கட்டு முழுவதும் செருப்புகள் கிடந்தன. இந்த வருடம் யாரிடமும் நான் வாயைத் திறக்கக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. வேறெதுவும் தெளிவாக இல்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிராம் நிறுத்தத்தில் சிவப்பு டூலிப் மூன்று வாங்கினேன். அதற்குமேல் வாங்க மாதக் கடைசி வரை முடியாது. டிராமில் ஒரு அம்மா குழந்தை வண்டியோடு அவசரமாக ஏற, நான் பின்னால் ஒதுங்க, கதவு மூட, ஒரு டூலிப்பின் தலை நிறுத்தத்திலேயே விழுந்துவிட்டது. காம்பு மட்டும் என் கையில்.

எங்கள் சந்தை நிறுத்தத்தில் இறங்கி, நின்று நிதானமாக யோசித்தேன். இரண்டு பூ கொடுக்க முடியாது. இரட்டைப்படையில் பூ கல்லறைக்குத்தான். மனைவியை மண்ணில் வைத்து ஒரு குளிர்காலம்தான் ஆன மனிதர் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. ஒன்றை எடுத்துவிட்டு ஒற்றை டூலிப்போடு போகலாமா? இருபத்திரண்டு வயதுப் பெண், தனியாக இருக்கிற ஆண் வீட்டுக்கு, ஒற்றைச் சிவப்பு டூலிப்போடு. அதுவும் முடியாது. சந்தை வாசலில் பூ விற்பவர்கள் போய்விட்டிருந்தார்கள். திரும்ப ஆற்றைக் கடந்து போய்வந்தால் மாலை வகுப்பு போய்விடும். அன்று தேர்வு வேறு.

வாசலைத் திறந்ததுமே வாசனை வந்தது. வெண்ணெய், குங்குமப்பூ, திராட்சை. அதற்கு அடியில் லேசான கருகல். படிக்கட்டு முழுவதும் அந்த வாசனைதான். எந்தக் கதவுக்குப் பின்னாலும் அது போகாமல் இருந்திருக்காது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை.

தெக்லா அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகள் கொடுத்த பூ எப்போதும் வீட்டில் இருக்கும்.

"அக்கா, ஒரு பூ கிடைக்குமா? எதுவா இருந்தாலும் சரி. எனக்கு ஒண்ணு குறையுது."

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு மேலே மாடிப் பக்கம் பார்த்தார்.

"மேலயா போற?"

"ஆமா."

"யாராவது போயிருக்காங்களா?"

"தெரியல அக்கா. இப்பத்தான் வர்றேன்."

"யாரும் போகல. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "என் நிலமையப் பாரு. அவர் வெட்டினதே என் பாத்ரூமுக்காக. நான் போகலன்னா நன்றி கெட்டவ. போனேன்னு வை, எதிர்வீட்டுக்காரி என் மூஞ்சில முழிப்பாளா? முப்பது வருஷமா காலைல அவ கூடத்தான் காபி. இந்த மூணு வாரமா அதையும் தனியாத்தான் குடிக்கறேன், வெக்கமா இருக்குன்னு."

"நான் பூ மட்டும்தான் அக்கா கேட்டேன்."

"தெரியுதுடி." உள்ளே போய் ஒரு டாஃபடில் எடுத்துவந்தார். காம்பைத் துடைத்து டூலிப்புகளுக்கு நடுவில் சொருகி, எட்ட வைத்துப் பார்த்து, மறுபடி சரிசெய்தார். "நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். கேட்டா மட்டும் சொல்லு."

மூன்று. கணக்கு சரியாகிவிட்டது. நேராக மேலே போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் ஒருத்தி போய் ஒரு துண்டு தின்றுவிட்டு வகுப்புக்கு ஓடியிருப்பேன். ஒரு துண்டு குறைந்த கிளிங்கேரிஸ் அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேல்தளத்தில் அர்னோல்ட்ஸ் அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கீழே நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். எதிரே கைடிஸ் மாமாவின் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அண்ணன் வாயில் விரலை வைத்து, சைகை காட்டி, என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்த மஞ்சள் பூ தெக்லாவுதா?"

"கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாங்க."

"நான் கேட்டேன் இல்ல?"

"அவங்களுதுதான்."

"ம்." கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "வீட்டுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், கார் கதவுக்கு காசு குடுக்கற வரைக்கும் அந்தாளு வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னு. சொன்னது சொன்னதுதான். நான் போறதா இல்ல."

"சரி அண்ணா."

"ஆனா பூ போகலாம். பூ ஒண்ணும் சொல்லலையே." ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஒரு ஜெரேனியம் கொத்தைச் சமையலறைக் கத்திரியால் வெட்டினார். பூனை அதைத் தட்டிவிடப் பார்த்தது. "டேய், போடா. ஜனவரில என் காரு பனியில மாட்டிக்கிச்சே, வண்டிய வெளிய எடுக்க வழி பண்ணினது யாரு தெரியுமா? காலைல அஞ்சு மணிக்கு, மண்வெட்டியோட. அவரு எதுவும் கேக்கவும் இல்ல, நானும் ஒரு நன்றி சொல்லல. இந்தா."

வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவுக்கு வெளியே வந்து எண்ணிப் பார்த்தேன். நான்கு.

டூலிப் இரண்டு, டாஃபடில் ஒன்று, ஜெரேனியம் ஒன்று. யாருடையதை எடுப்பது? தெக்லா அக்காவின் பூவை எடுத்தால், மூன்று வாரமாக அவர் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை எடுத்துவிட்டேன் என்று ஆகும். அர்னோல்ட்ஸ் அண்ணனுடையதை எடுத்தால் ஜனவரி மாத மண்வெட்டியை. என் டூலிப்பில் ஒன்றை எடுக்கலாம்தான். அது எனக்கு அந்த இடத்தில் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. தோன்றாமல் போனது நல்லதுக்கா என்று தெரியவில்லை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் ஒரு பூ குறைகிறது, இந்த வீட்டில் பூக் கேட்காத கதவு ஒன்றுதான் பாக்கி.

கீழே இறங்கி விஸ்மா டீச்சரின் மணியை அழுத்தினேன்.

கதவு பாதிதான் திறந்தது. டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அப்புறம் பூக்களை. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"நாலு."

"ஆமா டீச்சர். ஒண்ணு குறையுது. உங்ககிட்ட இருந்தா..."

"யாருக்கு?"

"மேல. கைடிஸ் மாமாவுக்கு."

"அப்படின்னா நாலே இருக்கட்டும். அந்தாளுக்கு அதுதான் பொருத்தம்."

கதவு மூடப்போனது. அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. கிளிங்கேரிஸ் வாசனையைத் தாண்டி, டீச்சரின் வீட்டுக்குள்ளிருந்து. மே கடைசியில் தெருவெல்லாம் வருமே, அது. இன்னும் அதற்கு நாள் இருக்கிறது.

"டீச்சர், லைலாக் வாசனை வருது."

"இல்ல."

"வருது டீச்சர்."

டீச்சர் கதவை விட்டுவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். போகலாமா என்று கேட்கவில்லை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தகர வாளி. அதில் வேலியோரம் கிடந்த கிளைகள். வெட்டிய அன்று ராத்திரியே போய் அள்ளி வந்திருக்கிறார். அடுப்புச் சூட்டில் மொட்டெல்லாம் விரிந்திருந்தது. முற்றத்தில் பூப்பது மாதிரி அடர் ஊதா இல்லை. ஏறக்குறைய வெள்ளை, ஓரத்தில் மட்டும் ஊதா தெரிந்தும் தெரியாமலும். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடிக்கட்டை.

"பூத்துத் தொலைச்சிடுச்சு" என்றார் டீச்சர். "இத வெச்சுக்கிட்டு நிம்மதியா கோபப்படக்கூட முடியல. காலைல எந்திரிச்சு வந்தா மூக்குல ஏறுது."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாதபோது நான் தகவலைச் சொல்லிவிடுவேன். அது என் கெட்ட பழக்கம்.

"நாளைக்கு மாமா வீட்டைப் பாக்க ஒருத்தர் வர்றார் டீச்சர். வித்துட்டு மக கிட்ட போறதா இருக்கார்."

சொல்லக்கூடாது என்று இருந்ததைச் சொல்லிவிட்டேன். டீச்சரின் முகம் மாறவில்லை.

"போகட்டும்" என்றார். கரண்டி ஒன்றை எடுத்துக் கழுவினார். ஏற்கனவே கழுவிய கரண்டி. "வாங்கறவன் யாரு?"

"தெரியாது டீச்சர்."

"கார் வெச்சிருப்பான்."

"இருக்கும்."

"ரெண்டு வெச்சிருப்பான். எங்க நிறுத்துவான்?" ஜன்னலைப் பார்த்தார். "அங்கதான். கட்டையையும் தோண்டி எடுத்துட்டு கல்லு பாவிடுவான். கேக்கவும் மாட்டான், வாடகை ரம்பமும் வேண்டாம் அவனுக்கு, ஆள் வெச்சுச் செய்வான்." கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. "எனக்குக் கோபம் இன்னும் பாதிகூட தீரலடி! இன்னும் எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கு தெரியுமா அந்தாளுகிட்ட? அதுக்குள்ள அயர்லாந்துக்கு ஓடப் பாக்கறானா?"

வாளியிலிருந்து ஒரு கொத்தை முறித்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, கதவைக்கூட மூடாமல் படியேற ஆரம்பித்தார்.

தெக்லா அக்காவின் கதவு உடனே திறந்தது.

"விஸ்மா, நீ போறியா?"

"சண்டை போடப் போறேன்."

"அப்ப நானும் வர்றேன்" என்றார் தெக்லா அக்கா. ஏப்ரனை அவிழ்த்து ஒரு கையால் தலையைச் சரிசெய்துகொண்டே வந்தார். "தனியா விட்டா நீ ஏதாவது பேசிடுவ."

"பேசத்தானே போறேன்!"

மேல்தளத்தில் அர்னோல்ட்ஸ் அண்ணனும் நின்றார். சட்டை மாற்றியிருந்தார். அதை நான் கவனித்ததை அவரும் கவனித்தார். "படியத்தான் மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "இங்க வாசப்படியே இல்ல, பாரு. தரையோட தரையா இருக்கு."

விரல் அளவு திறந்திருந்த கதவை டீச்சர் முழங்கையால் தள்ளினார்.

கைடிஸ் மாமா மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டது. மேஜையில் எட்டுப் பேருக்குத் தட்டுகள். காபிப் பாத்திரத்தின் மேல் பின்னிய துணி மூடி. நடுவில் கிளிங்கேரிஸ். பின்னி வளைத்து முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் பிரிந்து, அடுப்பில் வீங்கி, படுத்திருக்கும் நாய் மாதிரி ஆகியிருந்தது. வால் பக்கம் கொஞ்சம் கருகல். இன்னும் வெட்டவில்லை.

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

யாரும் எதுவும் சொல்லாததால் நான் பூக்களை நீட்டி வாழ்த்துச் சொன்னேன். டீச்சர் தன் கொத்தை என் பூக்களுக்கு நடுவில் குத்தினார்.

"அஞ்சு" என்றேன் நான்.

"எப்படி அஞ்சு?" என்றார் அர்னோல்ட்ஸ் அண்ணன். "லைலாக் கொத்துல எத்தனை பூ இருக்கு? நூறு இருக்கும். நூத்தி நாலு. இரட்டைப்படை."

"கொத்து ஒண்ணுன்னா ஒண்ணுதான்" என்றார் தெக்லா அக்கா. "அப்படிப் பாத்தா உன் ஜெரேனியத்துல மட்டும் எத்தனை இருக்கு?"

"அத எண்ணித்தான் வெட்டினேன்."

"பொய் சொல்லாத."

கைடிஸ் மாமா அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. லைலாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது..."

"நீங்க வெட்டினதுதான்" என்றார் டீச்சர். "வேற எங்க இருந்து வரும் இந்த நாள்ல?"

"பூத்திருக்கே."

"அதுக்கு வெட்டினது தெரியல, பாவம்."

மாமா கொத்தைத் தன் முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். முகர்வதற்கு என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொரு பூவாக விலக்கித் தேடினார். எல்லாவற்றுக்கும் நாலு இதழ். நாங்கள் நால்வரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஐந்து இதழ் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்துக் கிள்ளி எடுத்தார். அதை அதிர்ஷ்டத்துக்கு வாயில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அவர் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரிடம் நீட்டினார்.

"கேட்டிருக்கணும் நான்."

டீச்சர் அதை வாங்கவில்லை. உடனே வாங்கவில்லை.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் என்ன, தெக்லா வீட்டுல சாக்கடை நிக்கறது தெரியாதா? அந்த ரெண்டு நாளத்தான் நீங்க எனக்குக் குடுக்கல."

அவர் தலையை அசைத்தார். டீச்சர் அந்தச் சின்னப் பூவை வாங்கி வாயில் போட்டு மென்று, "கசப்பு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்ன நிக்கறீங்க எல்லாரும்? வெட்டுங்க. வெட்டத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

முதலில் சிரித்தது கைடிஸ் மாமாதான்.

கிளிங்கேரிஸ் நடுவில் கொஞ்சம் வேகாமல் இருந்தது. மாவை இன்னும் சற்று நேரம் விட்டிருக்க வேண்டும். நான் சொன்னதில்தான் பிசகோ என்று எனக்கு உறுத்தியது. சொன்னேன். "வாய மூடிட்டு தின்னு" என்றார் தெக்லா அக்கா. கறுப்பு பால்சம் என்ற மூலிகை மதுப் பாட்டிலை மாமா எடுத்துவந்தார். அர்னோல்ட்ஸ் அண்ணன் ராத்திரி வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது துண்டும் மூன்றாவது துண்டும் தின்றார். கார்க் கதவுக் கீறல் பேச்சு வந்தது. மாமா தன்னிடம் பெயிண்ட் இருக்கிறது, சனிக்கிழமை பூசித் தருகிறேன் என்றார். என் கார் சாம்பல் நிறம், உங்களிடம் இருப்பது வீட்டுச் சுவர் மஞ்சள் என்றார் அண்ணன். அது தீரவில்லை.

"குழாய் போற வழி எனக்கு இப்ப மனப்பாடம்" என்று மாமா டீச்சரிடம் மேஜைத் துணியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் விறகுக் கொட்டகை. இங்க குழாயே இல்ல. இங்க நட்டா எந்த வேரும் எங்கயும் போகாது. கட்டையில இருந்து துளிர் வருது, நேத்துப் பாத்தேன். அத வேரோட எடுத்து..."

"இப்ப நட்டா பிழைக்காது. செப்டம்பர்லதான் நடணும்."

"செப்டம்பர்ல நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். டீச்சரிடம் மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்குள் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிளிங்கேரிஸில் நாய் வால் பக்கம், அந்தக் கருகின பகுதி, ஒரு கை அளவுக்கு மிஞ்சியிருந்தது. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

டீச்சர் எட்டி அந்த வாலைத் தன் பக்கம் இழுத்தார். கத்தியால் நான்காக நறுக்கினார்.

"விருந்துக்கு வந்தவங்கள வெறுங்கையோடயா அனுப்புவீங்க? பேப்பர் நாப்கின் குடுங்க. இது தெக்லாவுக்கு, நாளைக்குக் காலைல என் வீட்டுக்கு வந்து காபியோட தின்னட்டும், தனியா உக்காந்து குடிக்க வேண்டாம். இது அர்னோல்ட்ஸுக்கு, ராத்திரி வண்டியில. இது டார்தாவுக்கு, வகுப்புக்கு. இது எனக்கு."

"கருகினது டீச்சர்" என்றார் மாமா.

"நான் என்ன குருடியா?"

தட்டில் திராட்சை ஒன்றும் சில துகள்களும்தான் மிஞ்சின. மாமா அந்தத் திராட்சையை எடுத்துத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனார். தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தெக்லா அக்கா சத்தமாக வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்.

தேர்வுக்கு நான் தாமதமாகப் போனேன். மூன்று கணக்குதான் போட முடிந்தது. வழியைக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் ஒரு பெரிய கறுப்புக் கார் முற்றத்துக்குள் வந்து, லைலாக் கட்டையை ஒட்டி நின்றது. கோட் போட்ட ஒருவர் இறங்கி, கூரையையும் சுவரையும் பார்த்துவிட்டு, திறந்திருந்த சமையலறை ஜன்னலிடம் போனார். உள்ளே டீச்சரும் தெக்லா அக்காவும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல் வீடு விக்கறதா சொன்னாங்களே, எந்தப் பக்கம்மா படி?"

"படி இந்தப் பக்கம்தான்" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இங்க சாக்கடை வசந்தத்துக்கு வசந்தம் மேல வரும். இதோ, இவங்க வீட்டுல இடுப்பளவு."

"கழுத்தளவு" என்றார் தெக்லா அக்கா.

"எலியும் உண்டு."

"பாடும்" என்றார் தெக்லா அக்கா. "டீச்சர் சொல்லிக்குடுத்திருக்காங்க."

அந்த மனிதர் ஒரு அடி பின்னால் வைத்தார். நான் என் கூரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே கைடிஸ் மாமாவின் ஜன்னலும் திறந்திருந்தது. அவர் முழங்கைகளைச் சட்டத்தில் ஊன்றி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லைலாக்கை வெட்டிய பிறகு குழாயை அவரேதான் தோண்டிச் சரிசெய்திருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம்.

"ஐயா, அவங்க சொல்றது நிஜமா?" என்று கோட் போட்டவர் மேலே பார்த்துக் கேட்டார்.

கைடிஸ் மாமா கொஞ்சம் யோசித்தார்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "கார கொஞ்சம் பின்னால எடுத்துக்கோங்க. அந்தக் கட்டையில துளிர் வந்திருக்கு."